கோர்செட் என்பது இறுகத் தைத்த ரவிக்கை அல்ல

புதுச்சேரி தையல் கடைகளில் கல்யாணப் பட்டுக்குக் கோர்செட் ரவிக்கை (உள்ளே கம்பி வைத்து, முதுகில் கயிறு கட்டி இடையைச் சிறுக்கவைக்கும் உடை) கேட்கும் பெண்கள் இப்போது உண்டு. பல இடங்களில் வழக்கமான அளவைச் சுற்றிலும் 2 அங்குலம் பிடித்து, முதுகில் கயிறு கோத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான்.

பிடிக்க வேண்டியது இடையில் மட்டுமே. விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே முதுகெலும்பைத் தவிர வேறு எலும்பு கிடையாது. அழுத்தினால் சதை நகர்ந்துகொடுக்கும். அது நகர்ந்துபோக மேலும் கீழும் இடம் விட்டால்தான் வளைவு தெரியும். விலாவையும் சேர்த்துப் பிடித்தால் மூச்சு முட்டும், உருவமோ உருளையாகவே நிற்கும். முதல் தடவைக்கு இடையில் 2 அல்லது 3 அங்குலம் போதும். இடைக்கு மேலேயே முடிந்துவிடும் குட்டை ரவிக்கையில் எத்தனை கம்பி வைத்தாலும் இடை சிறுக்காது. இதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பட்டும் சாட்டினும் வெளிப்பார்வைக்குத்தான். பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் பருத்தி. ஐரோப்பாவில் இதற்கென்றே ‘கூட்டில்’ (coutil) என்ற நெருக்கமான துணி நெய்கிறார்கள். இங்கே கனமான ட்ரில் பருத்தித் துணி வாங்கலாம். கடையிலேயே இழுத்துப் பாருங்கள், நீண்டுகொடுத்தால் வேண்டாம். (ஒருகாலத்தில் பஞ்சாலைகளுக்குப் பேர்போன ஊரில் நல்ல ட்ரில்லுக்கு அலைவது எனக்குத் தீராத எரிச்சல்.) துணியை மிச்சம் பிடிக்க எந்தத் துண்டையும் கிராஸில் (இழைக்குச் சாய்வாக) வெட்டாதீர்கள். உட்புறம் இடைக்கோட்டில் நீளாத நாடா ஒன்றை ஓட்டுங்கள்.

கம்பிக்குப் பதிலாக வைக்கும் மலிவான பிளாஸ்டிக் பட்டை உடல் சூட்டில் வளைந்து அப்படியே நின்றுவிடும். வளைந்த தையல்களுக்குச் சுருள் எஃகு, முதுகில் கயிற்றுத் துளைகளின் இருபுறமும் தட்டை எஃகு. வெட்டிய முனையில் மேற்பூச்சு போய்விடுவதால் நம் கடற்காற்றுக்கும் வியர்வைக்கும் அங்கேதான் துரு பிடிக்கும். பட்டில் இறங்கிய துருக்கறை லேசில் போகாது. முனைக்கு மூடி போடுங்கள். கம்பி, அதைச் செருகும் தையல் குழாயைவிட இரு முனையிலும் கால் அங்குலம் குட்டையாக இருக்கட்டும்.

பட்டில் கத்தரி வைக்கும் முன் காடாத் துணியில் தைத்து, கம்பியும் செருகி அணிவித்துப் பாருங்கள். முதுகின் இரு ஓரங்களும் முட்டக்கூடாது. சுமார் 2 அங்குல இடைவெளி மேலிருந்து கீழ்வரை சமமாக வேண்டும். மேலே விரிந்தால் விலாவுக்கு அளவு போதவில்லை, கீழே விரிந்தால் இடுப்புக்குப் போதவில்லை. இந்த ஒரு பார்வை இன்ச் டேப்பைவிட அதிகம் சொல்லும்.

முகூர்த்த நாளிலேயே முதன்முதலாக அணியக்கூடாது. சில நாள் முன்பிருந்தே வீட்டில் தளர்வாகக் கட்டிப் பழகட்டும். மரத்துப்போனாலோ மூச்சு திணறினாலோ உடனே தளர்த்த வேண்டும். பந்திக்கு உட்காரும் முன்பும் அப்படியே. உள்ளே மெல்லிய பருத்தி சிம்மி அணிந்தால் வியர்வை கம்பிவரை அவ்வளவாகப் போகாது. கழற்றியதும் மடித்துப் பீரோவில் வைக்காமல் நிழலில் காற்றாட விடுங்கள். வாஷிங் மெஷினில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.