கூட்டுறவுச் சங்கத்துக்குக் கை கொடுப்பது எப்படி: முதலில் எடைச்சீட்டு, கடைசியில் கடன்

விவசாயக் கூட்டுறவுச் சங்கத்துக்கு உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் பணத்தோடுதான் வருகிறார்கள். செயலாளர் ஒருவருக்கு மட்டுமே கணக்குத் தெரிந்த சங்கத்தில் அந்தப் பணம் சந்தேகத்தைத்தான் வளர்க்கும். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் அதை மற்றவர்கள் சரிபார்க்க வழியில்லை. ஆகவே கடனைக் கடைசியில் வையுங்கள்.

எழுத்தறிவு வகுப்பை அரிச்சுவடியில் தொடங்காதீர்கள். சங்கத்தின் எடைச்சீட்டில் தொடங்குங்கள். அதைப் பெரிய தாளில் வரைந்து சுவரில் மாட்டுங்கள்: தேதி, பெயர், மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை, ஈரப்பதம், விலை, தொகை. ஒரு வகுப்புக்கு ஒரு கட்டம் போதும். 15 முதல் 20 பேர், வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். நேரத்தைப் பெண்கள் முடிவு செய்யட்டும். இல்லையென்றால் வகுப்பில் ஆண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். விதைப்பிலும் அறுவடையிலும் விடுமுறை விட்டுவிடுங்கள், எப்படியும் யாரும் வரமாட்டார்கள்.

அதிகம் இடறுவது புள்ளியில்தான். 47.5 என்பதை 475 என்று படிப்பவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். தராசையே வகுப்புக்குக் கொண்டுவந்து, நிறுத்துப் படிக்க வையுங்கள்.

அடுத்தது ஈரப்பதம். சங்கங்களில் பாதிச் சண்டை இதில்தான் மூளும். 20 சதவீத ஈரத்தோடு 100 கிலோ தானியம் வருகிறது. 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 6 கிலோதான் குறையும் என்று எல்லோரும் மனக்கணக்குப் போடுவார்கள். ஆனால் குறைவது 7 கிலோ. தண்ணீர் போக அதில் இருப்பது 80 கிலோ; காய்ந்த பிறகு அந்த 80 கிலோ மொத்தத்தில் 86 சதவீதம். 80-ஐ 0.86-ஆல் வகுத்தால் 93. இந்தக் கணக்குத் தெரியாத இடத்தில் அந்த ஏழாவது கிலோ ‘திருட்டு’ ஆகிவிடும்.

நிர்வாகக் குழுவுக்கான பயிற்சி சுருக்கமாக இருக்கலாம். தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு என்று ரொக்கப் புத்தகத்தை அன்றன்றே முடித்து, பெட்டியில் உள்ள பணத்தை எண்ணி ஒப்பிட வேண்டும். பெட்டிச் சாவி ஒருவரிடம், புத்தகம் இன்னொருவரிடம். ஒவ்வொரு வேலையும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். பயிற்சிக்கு வந்தால் தினப்படி என்று அறிவித்துவிடாதீர்கள். எல்லாப் பயிற்சிக்கும் அதே பத்துப் பேர்தான் வருவார்கள்.

இனி கடன். கூட்டுறவு முன்னோடி ரைஃபைசன் 1864-இல் ஜெர்மனியின் ஹெடஸ்டோர்ஃபில் தொடங்கிய கிராமக் கடன் சங்கம், ஒருவரை ஒருவர் அறிந்த உறுப்பினர்களின் கூட்டுப் பொறுப்பில், அதாவது சங்கத்தின் கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பேற்பதில் நின்றது. வெளிப்பணம் அந்தப் பொறுப்பைத் தளர்த்திவிடும். எனவே ஆறு மாதமாவது உறுப்பினர்கள் சேமித்த பிறகு, சேமிப்பின் இரண்டு மடங்குக்கு மிகாமல் முதல் கடனைக் கொடுங்கள். வெளியிலிருந்து வந்த நிதிக்குத் தனிக் கணக்கு.

பயிர்க்கடன் விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே கையில் சேர வேண்டும். பிந்தி வரும் பணம் விதைக்கும் உரத்துக்கும் போகாது, வீட்டுச் செலவில் கரைந்துவிடும். மாதத் தவணையும் வைக்காதீர்கள். பயிர் வயலில் நிற்கும்போது தவணை கேட்டால் வட்டிக்காரரிடம் வாங்கித்தான் கட்டுவார்கள். தவணை நாள், விளைச்சல் விற்றுப் பணம் வந்த பிறகு இருக்கட்டும்.

கால்நடை, கருவி போன்றவற்றுக்கு மாதத் தவணை சரிதான். அங்கே வட்டி முறையைக் கவனியுங்கள். 10,000 கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், 12 தவணை. முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போட்டால் 1,200. மாதாமாதம் சம அளவில் குறையும் அசலுக்கு மட்டும் போட்டால் 650. இரண்டையும் ‘12 சதவீதம்’ என்றே சொல்வார்கள். வகுப்பில் இதைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். முறையைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

குழு உறுப்பினரின் விண்ணப்பம் வரும்போது அவர் அறையை விட்டு வெளியே இருக்க வேண்டும்.

விளைச்சல் பொய்த்தவரையும் கட்ட மனமில்லாதவரையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். முதலாமவருக்கு அடுத்த பருவம் வரை தவணையைத் தள்ளி, காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தவறிய கடனைக் கணக்கிடும்போது தவறிய தவணையை மட்டும் எழுதினால் ஆபத்து சிறிதாகத் தெரியும். தவறியவர் பெயரில் மீதமுள்ள முழு அசலையும் எழுதுங்கள். 30 நாள் தாண்டித் தவறியவர்களின் அசல், மொத்தக் கடன் பாக்கியில் 10 சதவீதத்தை எட்டினால் வசூல் சீராகும்வரை புதுக்கடன் வேண்டாம்.