1.9-க்கு அடுத்து 1.10: பதிப்பு எண்ணில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒகேனக்கல் பரிசலை வைத்து ஒரு மொபைல் விளையாட்டை தருமபுரியில் நாங்கள் மூன்று பேர் உருவாக்கி வருகிறோம். 1.9-க்கு அடுத்து 1.10 வெளியிட்ட மறுநாள், பென்னாகரத்திலிருந்து ஒரு மாணவன் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணா, பழைய ஆட்டத்தையே மறுபடி ஏற்றிவிட்டீர்களா?"

கணக்குப் பாடத்தின்படி அவன் கேட்டது சரிதான். தசமத்தில் 1.10 என்பது 1.1, 1.9-ஐவிடச் சிறியது. ஆனால் பதிப்பு எண்ணில் வரும் புள்ளி தசமப் புள்ளி அல்ல. கதவு எண் 1/9-க்கு அடுத்த வீடு 1/10 ஆவது போலத்தான் இதுவும். மைன்கிராஃப்ட் விளையாட்டும் 2016-இல் 1.9-இலிருந்து 1.10-க்குத்தான் போனது. எங்கள் நிரலும் இதே இடத்தில் சறுக்கியிருந்தது. இரண்டு எண்களையும் வெறும் எழுத்துகளாக ஒப்பிட்டு, 1.9-ஐப் பெரியது என்று முடிவு செய்து, அப்டேட் வந்திருக்கிறது என்ற அறிவிப்பையே காட்டாமல் விட்டுவிட்டது. புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முழு எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, நம் உழைப்பை அளந்து எண் கொடுப்பது. இரண்டு மாதம் உட்கார்ந்து பாறைகளையும் அருவிகளையும் புதிதாக வரைந்தோம் என்பதற்காக 2.0 என்று பெயர் வைத்தோம். பிறகு சின்னத் திருத்தம்தானே என்று 2.0.1-இல் சேமிப்புக் கோப்பின் அமைப்பை மாற்றினோம். நாற்பது கட்டம் தாண்டியிருந்தவர்கள் எல்லாரும் முதல் கட்டத்தில் போய் நின்றார்கள். அந்த வாரம் வந்த கோபம் அத்தனையும் நியாயமானது.

மென்பொருள் உலகில் பரவலாக உள்ள மூன்று எண் முறை, நிரலாளர்கள் பயன்படுத்தும் நூலகங்களை, அதாவது மற்ற நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளை, மனத்தில் வைத்து உருவானது. ஆடுபவருக்குத் தெரிய வேண்டியது வேறு: நான் சேமித்தது திறக்குமா? பழைய பதிப்பு வைத்திருக்கும் நண்பனோடு சேர்ந்து ஆட முடியுமா? இந்த இரண்டில் ஒன்று முறிந்தாலும் முதல் எண் ஏற வேண்டும். புதிய கட்டமோ புதிய பரிசலோ வந்தால் நடு எண். பிழை மட்டும் தீர்ந்திருந்தால் கடைசி எண்.

ஆண்ட்ராய்டில் ஆடுபவர் காணும் 1.10 போன்ற பதிப்புப் பெயரும், எது புதியது என்று பிளே ஸ்டோர் ஒப்பிட்டுப் பார்க்கும் வெர்ஷன் கோடும் (version code) தனித்தனி. பின்னது ஒவ்வொரு வெளியீட்டிலும் ஏறிக்கொண்டே போகும் முழு எண். பிளே ஸ்டோரில் அதன் உச்சவரம்பு 2100000000. தேதியையும் நேரத்தையும் சேர்த்து நீளமாக எழுதினால் வரம்பைத் தாண்டிவிடும். 1, 2, 3 என்று ஏற்றினாலே போதும். பழைய பதிப்புக்குத் திரும்புவதானாலும் அதே ஆட்டத்தைக் கூடுதல் எண்ணோடுதான் ஏற்ற வேண்டும்.

ஒரே எண்ணில் இரண்டு வெவ்வேறு கோப்புகளை வெளியே விடவே விடாதீர்கள். யாரிடம் எது இருக்கிறது என்று பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை. இப்போது எங்கள் முகப்புத் திரையின் கீழ் மூலையில் பதிப்பு எண் எப்போதும் தெரிகிறது. யார் அழைத்தாலும் முதலில் அதைத்தான் படிக்கச் சொல்கிறோம்.