பிலிமைக் குறை சொல்ல முதல் நெகற்றிவைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் இப்போது பழைய கமராக்களை அலுமாரியில் இருந்து இறக்கித் தூசு தட்டி, கலர் பிலிம் போட்டுப் படம் எடுக்கும் பிள்ளைகள் கூடிவருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்தவுடன் பேச்சு வேறு பக்கம் போய்விடும். கொடக்கின் கோல்ட் பிலிம்தான் நல்லது, அதே கொடக்கின் போர்ட்ரா வெறும் பேர், பியூஜி பிலிம் பச்சை அடிக்கும் என்று அடித்துச் சொல்வார்கள். அதில் பாதி பிலிமைப் பற்றியதே இல்லை. எங்கள் காலத்தில் நாங்கள் விட்ட பிழைகளையே இவர்களும் திரும்ப விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பிலிம் பல்லில் கொளுவாமல் 36 படமும் சுற்றுவது போன்றவற்றை விடுகிறேன். அவை ஒருமுறை நடந்தால் மறுமுறை நடக்காது.

ஸ்கானைப் பார்த்துப் பிலிமுக்குத் தீர்ப்புச் சொல்வது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு தங்கச்சி இரண்டு றோல்களின் ஸ்கானைப் போனில் காட்டினாள். கோல்ட் 200 இல் கோப்பாய்த் தோட்டத்துச் செம்மண் அப்படியே சூடாக, அழகாக வந்திருந்தது. போர்ட்ரா 400 இல் எடுத்த அம்மம்மாவின் முகம் சாம்பலும் பச்சையும் கலந்து, மணல் தூவினதுபோல் இருந்தது. போர்ட்ரா சரியில்லை என்று முடிவெடுத்து, மிச்சம் இருந்த மூன்று றோலையும் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டாளாம். நெகற்றிவை, அதாவது கழுவின பிலிமையே கொண்டுவரச் சொன்னேன். நல்லகாலம், அவளிடம் இருந்தது. போன் திரையை வெள்ளையாக்கி அதற்கு மேல் வைத்துப் பார்த்தோம். ஓரத்தில் பிலிமின் பெயரும் இலக்கங்களும் அழுத்தமாக, கறுப்பாகத் தெரிந்தன. அம்மம்மா இருந்த கட்டத்தில் சேலை மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் செம்மஞ்சள் பிலிம்தான் இருந்தது.

அந்த ஓர எழுத்துகள் தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதியப்பட்டவை, உங்கள் கமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. எழுத்து அழுத்தமாக இருந்து படம் மெலிந்து வெளுத்திருந்தால் கழுவினவர் தன் வேலையைச் செய்திருக்கிறார், நீங்கள் ஒளியைக் குறைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எழுத்தும் படமும் சேர்ந்து மெலிந்திருந்தால் கழுவியதில் சந்தேகப்படலாம். கலர் நெகற்றிவ் கழுவுகிற சி-41 முறையில், படத்தை வெளிக்கொண்டுவருகிற டெவலப்பர் திரவம் 37.8 பாகை செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி ஓட வேண்டும், அதில் சூடோ நேரமோ குறைந்தால் எல்லாமே மெலியும். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை, ஒரு நிமிடமும் ஆகாது, ஆனாலும் ஒருவரும் செய்வதில்லை.

கலர் நெகற்றிவில் முடிந்த நிறம் என்று ஒன்று கிடையாது. அந்தச் செம்மஞ்சள் படலமே, சாயங்களின் குறைபாட்டை ஈடுகட்டுவதற்காகப் பிலிமுக்குள் வைக்கப்பட்டது. ஸ்கான் மெஷின் அதைக் கழித்து, தலைகீழாக்கி, ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சமும் நிறமும் இவ்வளவு இருக்கலாம் என்று தானாக ஊகிக்கிறது. மெலிந்த நெகற்றிவைக் கொடுத்தால் இல்லாத நிழலை இழுத்து இழுத்து வெளியே எடுக்கப் பார்க்கும், அப்போது வருவதுதான் அந்தப் பச்சையும் மணலும். ஒரே நெகற்றிவை இரண்டு இடத்தில் ஸ்கான் பண்ணிப் பாருங்கள், இரண்டு பிலிம்போல இருக்கும்.

எங்கள் ஊரில் இந்த ஒளிக்குறைவு நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மலை இல்லை, மேடு இல்லை. பண்ணைப் பாலத்தில் நின்றாலும் ஊர்காவற்றுறை வீதியில் நின்றாலும் படத்தில் பாதி வானம், மிச்சத்தில் பாதி மினுங்குகிற கடல். கமராவில் ஒளி அளக்கிற மீற்றர் பார்த்ததை எல்லாம் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும், அவ்வளவு வெளிச்சத்தைக் கண்டவுடன் ஒளியைக் குறைத்துவிடும். பனைக்குக் கீழே நிற்கிற ஆள் இருட்டுக்குள் போய்விடுவார். வெள்ளை நூலகக் கட்டடத்துக்கு முன்னால் நிற்க வைத்தாலும் இதே கதை. கமராவை நிலத்தின் பக்கம் சாய்த்து அளவெடுங்கள், அல்லது ஆள் நிற்கிற அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை அளந்து அதைவிட ஒரு ஸ்டொப், அதாவது இரட்டிப்பு ஒளி, கூட்டிக் கொடுங்கள். கோல்ட் 200 ஐ 100 என்றும், போர்ட்ரா 400 ஐ 200 என்றும் கமராவில் ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளி உணர்வு இலக்கம்) வைத்து எடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கலர் நெகற்றிவ் ஒளி கூடினால் ஒன்றிரண்டு ஸ்டொப் வரைக்கும் தாங்கும், குறைந்தால் தாங்காது. மீற்றரை நம்ப முடியாவிட்டால், நல்ல வெயிலில் 200 பிலிமுக்கு லென்ஸ் துவாரத்தை எஃப் 16 இலும் ஷட்டர் வேகத்தை 1/125 விநாடியிலும் வையுங்கள். எஃப் 16 இல் 1/250 என்கிற பழைய கணக்குக்கு அது ஒரு ஸ்டொப் அளவு கூடத்தான், கூடட்டும்.

உண்மையிலேயே இரண்டு பிலிமை ஒப்பிட ஆசையென்றால் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே லென்ஸ், ஒரே அளவில் எடுங்கள். படத்துக்குள் ஒரு சாம்பல் அட்டையும் இருக்கட்டும். ஸ்கான் பண்ணுகிறவரிடம் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தி, இரண்டு றோலுக்கும் ஒரே அமைப்பை வைக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாமல் கோல்ட் மத்தியானத் தோட்டத்திலும் போர்ட்ரா பின்னேர வேப்பமர நிழலிலும் எடுத்துவிட்டு எது நல்லது என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

இதைவிடக் கொடுமை, கொழும்புக்குக் கழுவ அனுப்பும்போது 'நெகற்றிவ் வேண்டாம், ஸ்கானை மட்டும் அனுப்புங்கோ' என்று சொல்வது. தபால் காசு மிச்சமாம். நீங்கள் எடுத்த படம் அந்த நெகற்றிவ்தான், தம்பி. ஸ்கான் பிழையாகிப்போனால் திரும்ப எடுக்கலாம். குப்பையில் போனதை எப்படி எடுப்பது? கல்யாணப் படங்களையே இப்படி இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய கமராவுக்கு 1.5 வோல்ட் பற்றறி

1970 களின் பல கமராக்கள் 1.35 வோல்ட் மெர்க்குரி பற்றறிக்குச் செய்யப்பட்டவை. அது இப்போது கடையில் இல்லை. 1.5 வோல்ட் போட்டால் மீற்றர் வேலை செய்யும், ஆனால் பலவற்றில் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும், அதனால் மேலே சொன்ன அதே மெலிந்த நெகற்றிவ்தான் வரும். போனில் உள்ள மீற்றரோடு ஒருக்கால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வித்தியாசத்தை ஐஎஸ்ஓவில் ஈடுகட்டுங்கள்.

நல்லூருக்கு எக்டார்

கொடக்கின் எக்டார் 100, படத்தில் புள்ளிமணி மிக நுண்ணியதாக வருகிற, நிறம் நன்றாக ஏறுகிற பிலிம். நல்லூர் வெளிமதிலின் சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்கு அதைப்போல இன்னொன்று கிடையாது. ஆனால் மதிலுக்குப் பக்கத்தில் சால்வை கட்டி நிற்கிற ஐயாவின் தோள் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். ஆட்களுக்குப் போர்ட்ரா, கட்டடத்துக்கும் கடலுக்கும் எக்டார்.

இரவுத் திருவிழாவுக்கு 200

வேண்டாம். 800 போடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வருகிற பிலிம்

கனடாவில் இருந்து வருகிற சித்தப்பாவிடம் பிலிம் வாங்கிவரச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். அவர் அதைப் பெரிய சூட்கேசுக்குள் சொக்லேட்டோடு சேர்த்து வைத்துவிடுவார். அந்தப் பெட்டிகளுக்கான ஸ்கானர் கடுமையானது, கழுவாத பிலிமில் புகைபோல் மூட்டம் போட்டுவிடும். கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். கைப்பைக்கும் இப்போது பல விமான நிலையங்களில் அதேபோல் பிலிமைக் கெடுக்கிற சிடி ஸ்கானர் வந்துவிட்டது, அதனால் உள்ளே இருப்பது தெரிகிற பையில் தனியாகப் போட்டு, கையால் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இதை அவர் புறப்பட முதல் நாளே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

பிரிட்ஜில் இருந்து நேரே கமராவுக்குள்

வியர்க்கும். மூடி திறக்காமல் ஒரு மணித்தியாலமாவது வெளியே வையுங்கள்.

எடுத்த றோலைச் சேர்த்து வைப்பது

நாலைந்து றோல் சேரட்டும், ஒன்றாகக் கொழும்புக்கு அனுப்பலாம் என்று மேசையில் வைத்திருப்பார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தகர ஓட்டுக்குக் கீழே அந்த மேசை எப்படிக் கொதிக்கும் என்று தெரியும்தானே. எடுத்த பிறகு பிலிமில் பதிந்திருக்கிற கண்ணுக்குத் தெரியாத பதிவு சூட்டிலும் ஈரத்திலும் கரைந்துகொண்டே போகும், மூன்று நிறப் படைகளும் ஒரே அளவில் கரையாததால் நிறமும் பிசகும். றோல் முடிந்த திகதியை ஒரு துண்டில் எழுதி ஒட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வையுங்கள், அந்த மாதத்துக்குள்ளேயே அனுப்புங்கள். அனுப்பும்போது நெகற்றிவும் வேண்டும் என்று பார்சலின் மேலேயே எழுதிவிடுங்கள்.