பார்வையற்ற தீர்க்கதரிசிக்கு ஒரு கிண்ணம் பாலும் தேனும்

என் வலது கண்ணில் அழுத்த நோய் இருப்பதாக மருத்துவர் சொன்ன ஆண்டில்தான் டைரீசியஸை வழிபடத் தொடங்கினேன். பழைய கிரேக்கக் கதைகளில் வரும், தீப்ஸ் நகரத்தின் பார்வையற்ற தீர்க்கதரிசி அவர். பழைய கிரேக்கத் தெய்வங்களை இன்று வழிபடுபவர்களில் குறி கேட்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அப்பல்லோ தெய்வத்தையோ, டெல்பி கோயிலில் அவர் வாக்கைச் சொன்ன பூசாரிணி பிதியாவையோ நாடுவார்கள். எனக்கு வேண்டியிருந்தவர் இவர். இந்த வழியில் வர நினைப்பவர்களுக்காக நான் செய்யும் முறையை எழுதுகிறேன்.

டைரீசியஸ் தெய்வம் அல்லர், இறந்த மனிதர். படையல் முறை முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது. ஒலிம்பியத் தெய்வத்துக்கு மதுவில் கொஞ்சம் ஊற்றிவிட்டு மீதியை நாம் குடிக்கலாம். இறந்தவருக்கு ஊற்றுவது அப்படியே மண்ணுக்குப் போக வேண்டும், ஒரு வாய்கூட நமக்கு இல்லை. நேரம், சூரியன் மறைந்த பிறகு.

எப்படி ஊற்றுவது என்பதை, கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தின் 11-ஆம் பகுதியே சொல்லிவிடுகிறது. அதன் நாயகன் ஒடிசியஸ், இறந்தவர்களை அழைக்க ஒரு முழ நீளம், ஒரு முழ அகலத்துக்குக் குழி தோண்டுகிறான். முதலில் பாலும் தேனும் கலந்து ஊற்றுகிறான், பிறகு இனிய மது, மூன்றாவதாகத் தண்ணீர். அதன்மேல் வாற்கோதுமை மாவைத் தூவுகிறான். மாடியில் குடியிருப்பவர்கள் மண் நிரப்பிய அகலமான தொட்டி வைத்துக்கொண்டால் போதும். பால் குளிர்ந்திருந்தால் தேன் கரையாமல் அடியில் தங்கிவிடும். அதனால் வெதுவெதுப்பான பாலில் கலக்குங்கள். மாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். அது ஈரத்தின் மேல் ஒரு கணம் வெள்ளையாக நிற்கும், பிறகு ஓரங்களில் கருத்து, நடுவில் சுருங்கி, மண்ணோடு போய்விடும். அது போய் முடியும்வரை நான் வாய் திறப்பதில்லை.

காவியத்தில் அடுத்து வருவது ஆட்டு இரத்தம். அதைக் குடித்த பிறகுதான் டைரீசியஸ் குறி சொல்கிறார். நான் உயிர்ப்பலி கொடுப்பதில்லை, மாதுளைச் சாறு ஊற்றுகிறேன். இறந்தவர்களில் இவர் ஒருவருக்கு மட்டும் அறிவு மங்காமல் இருக்கும்படி அருளியவள் பாதாள உலகின் அரசி பெர்செபனி, மாதுளையோ அவளுடைய கனி. எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இது என் முடிவு, பழைய விதி அல்ல.

இந்த வேறுபாட்டை எழுதி வைப்பதற்காகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பழைய நூல்களில் இருப்பது நீல மையில், நானாகச் சேர்த்தது சிவப்பு மையில். மாதுளைச் சாறு சிவப்பு. அவர் புணர்ந்துகொண்டிருந்த பாம்புகளை அடித்துப் பெண்ணாக மாறி ஏழு ஆண்டுகள் வாழ்ந்த கதை நீலம். திருநர் பக்தர்கள் பலர் இன்று அவரைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடுவது சிவப்பு. அது உயிருள்ள, நியாயமான சிவப்பு என்பேன். பார்வை போன காரணத்துக்கோ நீலத்திலேயே இரண்டு கதைகள் இருக்கின்றன. தெய்வங்களின் அரசி ஹீரா கோபத்தில் பறித்தாள் என்பது ஒன்று. அறிவுத் தெய்வம் அதீனா குளிப்பதைக் கண்டதால் போயிற்று, ஈடாக அவள் பறவை மொழி அறியும் திறனையும் ஊன்றுகோலையும் கொடுத்தாள் என்பது இன்னொன்று. இரண்டையும் எழுதுங்கள், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காதீர்கள்.

குறி கேட்பதை ஆறு மாதமாவது தள்ளிப்போடுங்கள். எகிப்தில் கிடைத்த கிரேக்க மாந்திரீகப் பாப்பிரஸ் ஒன்றில் ஹோமரின் வரிகள் 216 உண்டு. பகடையை மூன்று முறை உருட்டி, விழுந்த எண்களுக்குரிய வரியை விடையாகக் கொள்ள வேண்டும். ஆறு, ஆறு, ஆறு எனப் பெருக்கினால் 216. என் கண் அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் இரவு, பார்வை தங்குமா என்று ஏழு தடவை கேட்டேன். ஏழு வரிகளில் இதமானதை எடுத்துக்கொண்டு தூங்கப் போனேன். அது குறி கேட்பதே அல்ல. தீப்ஸ் மன்னன் ஈடிபஸ் வற்புறுத்தியும், தெரிந்ததைச் சொல்ல மனமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடு என்று கெஞ்சியவரிடம் ஆறுதலை விலை பேசியிருக்கிறேன். இப்போது கேள்வியை முதலில் எழுதுகிறேன், ஒரே தடவை உருட்டுகிறேன், வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பகடையைவிட எனக்கு நெருக்கமானது புள் நிமித்தம், அதாவது பறவைகளைக் கொண்டு சகுனம் பார்ப்பது. சோஃபோக்ளீஸ் எழுதிய ஆன்டிகனி என்ற கிரேக்க நாடகத்தில், பலிநெருப்பு பற்றவில்லை என்பதை டைரீசியஸுக்குச் சொன்னவன் அவர் கையைப் பிடித்து நடக்கும் சிறுவன். பறவைகளின் வெறிக்கூச்சலை அவரே கேட்டார். பார்த்துச் சொல்ல அவருக்கு ஒரு பிள்ளை தேவைப்பட்டது. இதைப் படித்த பிறகுதான் என் அக்கா மகளை மாடிக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது. வடக்கு நோக்கி உட்காருவோம். வலப்பக்கம் வருவது நல்ல நிமித்தம் என்பது ஹோமரில் உள்ள வழக்கம். எதிர்பார்ப்பு கலந்துவிடும் என்பதால் அதை அவளிடம் சொல்லவில்லை. நான் கண்களை மூடிக்கொள்கிறேன், அவள் பார்த்ததைச் சொல்கிறாள்.

“மாமா, மூன்று வந்தன. இரண்டு போய்விட்டன. ஒன்று மட்டும் கம்பியில் உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறது.”

“எந்தப் பக்கம்?”

“உங்களுக்கு நேராக.”

வலமும் இல்லை, இடமும் இல்லை. அதை அவள் சொன்ன சொற்களிலேயே சிவப்பு மையில் எழுதினேன்.