கப்பல் இறங்கி ஊர் சுற்றுகிறவன் செய்யும் தவறுகள்

போன வாரம் ரங்கூன் டவுனில், அனோரத்தா ரோட்டை ஒட்டிய சந்தில், நான் வழக்கமாக உட்காரும் டீக்கடை. பக்கத்து மேசையில் ஒரு தம்பி. முதல் கான்ட்ராக்ட் முடித்து இறங்கியவன் என்று பார்த்ததுமே தெரிந்தது. புதுப் போன், சிங்கப்பூரில் வாங்கிய சட்டை, மடியில் நீலப் பிளாஸ்டிக் ஃபைல். எதிரே உட்கார்ந்திருந்தவரை ‘சித்தப்பா’ என்று கூப்பிட்டான். ஃபைலைத் திறந்து சிடிசியை (கப்பல்காரனின் பதிவுப் புத்தகம்) எடுத்தான், பாஸ்போர்ட்டை எடுத்தான், இரண்டையும் சித்தப்பா கையில் வைத்தான். அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் லொஞ்சி மடிப்பில் செருகிக்கொண்டு சமோசா இன்னொரு தட்டு சொன்னார்.

எனக்கு லபெயே, அதாவது டீ, தொண்டையில் இறங்கவில்லை. எழுந்து போய் இரண்டு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றியது. அன்றைக்கு எனக்குச் சொன்னவர் பேச்சை நான் கேட்டேனா என்ன? பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன்.

எஞ்சின் ரூமில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவன் நான். எண்ணெய் போடும் ஆயிலராக ஏறி, இப்போது அதற்கு மேல்படியான ஃபிட்டர். குடித்துவிட்டு ஏஜென்ட் ஆபீசுக்குப் போகாதே, இன்டர்வியூவுக்குச் செருப்போடு போகாதே என்பதெல்லாம் உன் அம்மா சொல்லியிருப்பார். நான் சொல்லப்போவது ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவில், சொந்தபந்தம் பார்த்துக்கொண்டே வேலையும் தேடுகிற அந்தச் சில மாதங்களைப் பற்றி.

லீவு நாளை எண்ணத் தெரியாதது

எம்எல்சி என்று சொல்கிறோமே, 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அதன்படி ஒரு மாத வேலைக்குக் குறைந்தது இரண்டரை நாள் சம்பளத்தோடு லீவு. ஒன்பது மாதம் ஓட்டினால் இருபத்திரண்டரை நாள். அந்தக் காசையும் இறங்கும்போதே கணக்கில் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். நம்மைப் போன்ற ரேட்டிங்குக்கு, அதாவது ஆபீசர் அல்லாத ஆளுக்கு, அதற்கு மேல் வரும் ஒவ்வொரு நாளும் சொந்தக் காசில் தின்னும் நாள். ஆனால் சொந்தக்காரர் கண்ணில் நீ ஒன்பது மாதம் டாலரில் சம்பாதித்தவன். பெகுவில் ஒரு வாரம், தட்டோனில் ஒரு வாரம், மோல்மேனில் பத்து நாள் என்று உட்காரவைத்துவிடுவார்கள். அதற்குள் இருபத்திரண்டு நாளும் கரைந்திருக்கும், ஏஜென்ட் ஆபீஸ் படியை நீ மிதித்திருக்க மாட்டாய்.

இறங்கிய முதல் வாரம் காகிதத்துக்கு. மெடிக்கல் சர்டிபிகேட் அதிகபட்சம் இரண்டு வருஷம் செல்லும். எட்டு மாதம் மிச்சம் இருக்கிறதே என்று நினைக்காதே, ஒன்பது மாதக் கப்பலுக்கு அது பற்றாது. பேசிக் சேஃப்டி என்கிற பாதுகாப்புப் பயிற்சியில் தீயணைப்பும் உயிர்காப்பும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதையெல்லாம் முடித்து, மூன்று நான்கு ஏஜென்சியில் பெயரைப் பதிந்துவிட்டு, அப்புறம் அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறு. அத்தை கோபித்துக்கொள்வார். கோழிக்குழம்பு வைக்கும்போது கோபம் போய்விடும்.

திஞ்ஞானுக்கு வந்து இறங்குவது

ஏப்ரல் நடுவில் தண்ணீர்த் திருவிழா, கூடவே நம் சித்திரை வருஷப் பிறப்பு. ஊரைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. வேலை தேட அதைவிட மோசமான நேரமும் கிடையாது. ஆபீஸ், பாங்க், கிளினிக் எல்லாம் மூடியிருக்கும், தெருவில் பைப்போடு நிற்பவன் உன் ஃபைலை நனைப்பான். புதிதாக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டியவன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஊசி 2016 ஜூலையிலிருந்து ஆயுசுக்கும் செல்லும் என்றாலும், போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சர்டிபிகேட்டுக்கு உயிர். திஞ்ஞான் முடிந்து போட்டுக்கொண்டால் மாதக் கடைசிக் கப்பல் போச்சு.

ஒரிஜினலைச் சொந்தக்காரர் கையில் கொடுப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

2016. பல்க் கேரியரில் ஒன்பது மாதம் முடித்து இறங்கியிருந்தேன். பெகுவில் பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. பந்தல் போட்டு, பிரியாணி அண்டா ஏற்றி, ஊர் முழுக்க வந்திருந்தது. அங்கே பெரியப்பாவின் சம்பந்தி வழியில் ஒருவர், எனக்கு மாமா முறை. கப்பலுக்கு ஆள் ஏற்றும் தரகர். பர்மாக்காரர்கள் ப்வேஸா என்பார்களே, அது. சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் தோளில் கை போட்டார்.

“மாப்ளே, ரெண்டே வாரத்துல கப்பல். புக்கக் குடுத்துட்டு நீ நிம்மதியா ஊரச் சுத்து.”

நான் யோசித்தேன். பக்கத்தில் நின்ற பெரியப்பா, “நம்ம ஆளுடா, என்ன யோசிக்கிறே?” என்றார். என்னோடு வந்திருந்த பழைய போசன் (டெக் ஆட்களின் தலைவர்), தட்டைப் பார்த்துச் சாப்பிட்டபடியே, “ஜெராக்ஸ் குடு, போதும்” என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியப்பா முன்னால், அவர் சம்பந்தியிடம் ஜெராக்ஸை நீட்டுவதா? சிடிசி, பாஸ்போர்ட், மெடிக்கல், பதினோரு சர்டிபிகேட், மஞ்சள் காய்ச்சல் அட்டை, எல்லாவற்றையும் ரப்பர் பேண்ட் போட்டு அப்படியே கொடுத்தேன். மூன்று லட்சம் சாட்டும் (பர்மாக் காசு) கொடுத்தேன், “லபெயே போ” என்றார். டீக்காசாம். அந்த டீ என்ன விலை என்று நான் கேட்கவில்லை.

மோல்மேனில் சின்னத்தை வீட்டில் ஆறாவது நாள். மத்தியானம் திண்ணையில் படுத்திருந்தேன், போன் வந்தது. நான் ஒரு வருஷம் முன்னால் பெயர் பதிந்திருந்த நல்ல ஏஜென்சி. ஃபிட்டர் இடம். வியாழக்கிழமை சிங்கப்பூரில் ஏற வேண்டும். “ஒரிஜினலோட நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்துடுங்க.” ஆயிலராகவே எத்தனை வருஷம் ஓட்டுவது என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் நான். திண்ணையிலிருந்து எகிறிக் குதித்தேன்.

மாமாவுக்குப் போன் அடித்தேன். சுவிட்ச் ஆஃப். இருபது முறை அடித்திருப்பேன். ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலையில் ரங்கூன் வந்து, அவர் ஆபீஸ் என்று சொன்ன இடத்துக்குப் போனேன். நான்காவது மாடியில் ஒற்றை அறை, ஒரு மேசை, அதில் இரண்டு இழுப்பறை. அங்கே இருந்த பெண்பிள்ளை பாவம், “ஸயா (முதலாளி) மாண்டலே கல்யாணத்துக்குப் போயிருக்கார், சாவி அவர்கிட்டத்தான்” என்றாள். என் ஃபைல் மேல் இழுப்பறையில் இருந்தது. இழுப்பறை சரியாக மூடாமல் ஒரு விரல் அகலம் திறந்திருந்ததால் நீல மூலை வெளியே தெரிந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் தொட்டது, வரவில்லை. உடைத்திருக்கலாம். பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். “சம்பந்தி மேசைய உடைப்பியா நீ?” என்றார்.

பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. ஏஜென்சிக்காரர் மரியாதையானவர், பதினொன்று வரை பொறுத்தார். அந்தக் கப்பலில் எனக்குப் பதில் போனவர் அதே கம்பெனியில் நாலு கான்ட்ராக்ட் ஃபிட்டராக ஓட்டினார். அவரை எப்போதாவது டவுனில் பார்ப்பேன், நல்ல மனுஷன், அவர் மேல் எனக்கு என்ன கோபம்? ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

ஃபைல் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. மஞ்சள் அட்டை இல்லை, எங்கே போனது என்று கேட்டால் “நீ குடுக்கவேயில்லையே” என்றார். இரண்டு வாரக் கப்பல் வரவே இல்லை. மூன்று லட்சமும் வரவில்லை. மெடிக்கல் முடிந்துபோய், மறுபடி எடுத்து, ஆயிலராகவே ஏற நாலு மாதம். ஃபிட்டர் ஆவதற்கு அதற்கப்புறம் மூன்று வருஷம். பணத்தைக் கேட்டதற்காகப் பெரியப்பா வீட்டில் இரண்டு தீபாவளிக்கு என்னைக் கூப்பிடவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். நாற்பது பேர் புக்கை இழுப்பறையில் வைத்திருந்தால் எந்தக் கம்பெனி எந்த ஆளைக் கேட்டாலும் நீட்டலாம், அதுதான் அவர் தொழில். நாற்பதில் ஒருவனாக நான் இருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வா. அந்த உடன்படிக்கையே சொல்கிறது, வேலை வாங்கிக் கொடுப்பதற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. உன் செலவு என்று அது ஒத்துக்கொள்வது மூன்றே மூன்று: மெடிக்கல், சிடிசி, பாஸ்போர்ட். விசாச் செலவுகூடக் கப்பல்காரன் தலையில். டீக்காசு அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரிஜினல் எப்போது கைமாற வேண்டும்? கான்ட்ராக்டில் கப்பல் பெயர், சம்பளம், ஏறும் துறைமுகம் மூன்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு. அதுவும் ரசீதோடு, எந்தெந்தக் காகிதம் என்று எண் போட்டு எழுதிய ரசீதோடு. அதற்கு முன் யார் கேட்டாலும் ஜெராக்ஸ், இல்லையென்றால் போனில் பிடிஎஃப். சிடிசியில் கப்பல் ஏறி இறங்கிய முத்திரை உள்ள பக்கங்களையும் விடாமல் ஸ்கேன் பண்ணி வை, வேலை கொடுப்பவன் பார்ப்பதே அந்தப் பக்கங்களைத்தான். ஒரிஜினல் நீ போகிற ஊருக்கெல்லாம் தோள்பையில் உன்னோடு வரட்டும். மோல்மேனில் அத்தை வீட்டுத் தலையணைக்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை.

சொந்தக்காரரிடம் எப்படி மறுப்பது என்பாய். “கம்பெனி கேட்டதும் நானே கொண்டாரேன் மாமா, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்” என்று சொல். சிரித்துக்கொண்டே சொல். இன்னொரு தரம் கேட்டால் இன்னொரு தரம் அதையே சொல்.

கடன்

யாருக்கு எவ்வளவு என்று கப்பலிலேயே எழுதி வை. வீட்டுத் திண்ணையில் முடிவு செய்யாதே.

மெட்ராஸ் பயணம்

1964-இல் கப்பலேறிப் போன சித்தப்பா குடும்பம் எனக்கும் வியாசர்பாடியில் உண்டு. போனால் அத்தோ வாங்கிக் கொடுப்பார்கள், நம் ஊர்க் கௌசுவே தோ நூடுல்ஸ் அங்கே போய் என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் விசாவுக்குப் பாஸ்போர்ட் உள்ளே போயிருக்கும் நாளில்தான் ஏஜென்ட் கூப்பிடுவான். கூப்பிடாவிட்டாலும், நீ மெட்ராஸில் இருக்கும்போது கூப்பிடுவான். இறங்கிய முதல் மாதத்தில் போ, இல்லாவிட்டால் அடுத்த தடவை.

பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயதுப் பையன்களுக்கு

கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு உங்கள் கணக்கே வேறு. நான் ஓட்டிய பழைய வழியை நம்பி ஊர் ஊராகச் சுற்றாதீர்கள்.

நண்பனைப் பார்க்கப் போய் வேலை கேட்பது

கேட்பதில் தப்பில்லை. பாதிப் பேர் கப்பல் ஏறுவதே, கூட வேலை செய்த செகண்ட் எஞ்சினியர் ஒரு வார்த்தை சொல்லித்தான். எப்போது கேட்கிறாய் என்பதுதான் விஷயம். அவர் இறங்கிய மறுநாளே வீட்டுக்குப் போய், பெண்டாட்டி பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது “ஸார், உங்க கம்பெனியில…” என்று ஆரம்பித்தால் அவர் முகம் சுருங்குவதை நானே பார்த்திருக்கிறேன். சுருங்க வைத்தவனும் நான்தான். போன மாதம் என் வீட்டுக்கு வந்த ஒரு தம்பி காலணியைக் கழற்றும் முன்பே கேட்டான். பத்து நாள் கழித்து, வெளியே டீக்கடைக்குக் கூப்பிடு. காசை நீ கொடு. பழைய கப்பல் கதை பேசு. எழுந்திருக்கும்போது கேள். பயோடேட்டாவை அன்று ராத்திரி வைபரில் அனுப்பு.

போன்

2014-இல் சிம் கார்டு 1,500 சாட்டுக்கு வந்த பிறகு எல்லார் கையிலும் போன் இருக்கிறது, சார்ஜ்தான் இல்லை. டெல்டா பக்கம் கிராமத்துக்குப் போனால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தெருப் பிள்ளைகள் “மீ லா பீ!”, கரண்ட் வந்துடுச்சு, என்று கத்தும்போது ஓடிப்போய் முதலில் உன் போனைச் சொருகு, பிறகு ஃபேன். ஏஜென்சியில் இரண்டாவது நம்பர் ஒன்று கொடுத்து வை. வீட்டோடு இருப்பவர், பர்மியில் பேசத் தெரிந்தவர், “அவன் தூங்குறான், அப்புறம் கூப்பிடுங்க” என்று சொல்லாதவர் நம்பராக இருக்கட்டும். என் அம்மா ஒரு முறை அப்படித்தான் சொன்னார்.

போகும் தேதியைச் சொல்வது

வீட்டுக்குள் நுழைந்ததும் “சா பீ பீலா” என்று கேட்பார்கள், சாப்பிட்டாயா என்று. அடுத்த கேள்வி “எப்பப் போறே?” ஏஜென்ட் சொன்ன தேதியை அப்படியே சொல்லிவிடாதே. கப்பல் துறைமுகம் மாறும், சரக்கு தாமதமாகும், பழைய ஆள் இறங்க மாட்டேன் என்பான். தேதி தள்ளிப்போகும். டிக்கெட் கைக்கு வந்த பிறகு சொல்.

நான் ஒரு தடவை இருபதாம் தேதி என்று சொல்லிவிட்டேன். மோல்மேன் அத்தை முறுக்கு சுட்டு, டப்பாவில் அடைத்து பஸ்ஸில் அனுப்பினார். டவுனில் சிநேகிதர்கள் வழியனுப்பு விருந்து வைத்தார்கள். போகவில்லை. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி என்றேன். மறுபடி முறுக்கு, மறுபடி விருந்து, இந்த முறை ஆள் குறைவு. போகவில்லை. காளி கோயிலுக்குப் போனாலும் “என்னப்பா, இன்னும் போகலியா?” என்று கேட்பார்களே என்று பின்பக்கத் தெரு வழியாக நடந்தேன். மூன்றாவது தடவை உண்மையாகவே கிளம்பினபோது ஏர்போர்ட்டுக்கு வந்தது தம்பி மட்டும். அவன் கையில் முறுக்கு டப்பா இருந்தது. திறந்து பார்த்தேன், கால் டப்பாதான் இருந்தது.