மடிக்கணினியில் ஒலி திரும்பிய விதம்

பழைய மடிக்கணினியிலிருந்த எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதியதில் பொருத்தியதும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் மறுப்பின்றி எழுந்தது. ஆனால் ஒலி அமைப்பில் 'டம்மி அவுட்புட்' (உண்மையான ஒலிச் சாதனம் எதுவும் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம்) என்ற ஒற்றை வரியே இருந்தது. ஒலியைக் கையாளும் பைப்வயர் என்ற நிரலை இருமுறை மறுதொடக்கம் செய்து பார்த்தேன்; அது வீண் வேலை, ஏனெனில் கோளாறு அதற்கும் கீழே, இயங்குதளத்தின் மையமான கர்னலில் இருந்தது.

கணினியிலுள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை ஒலிச் சாதனத்தைக் காட்டியதால் வன்பொருள் பழுதில்லை என்று தெரிந்தது. பிறகு கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் ஒலி தொடர்பான வரிகளை மட்டும் வடிகட்டியபோது, எஸ்ஓஎஃப் என்ற ஒலி டிரைவருக்கான ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) கோப்பை ஏற்ற முடியவில்லை என்றும் பிழை எண் -2 என்றும் சிவப்பில் நின்றது. அந்த எண்ணுக்குக் கோப்பே இல்லை என்று பொருள். உள்ளமைந்த டிஜிட்டல் மைக் கொண்ட கணினிகளில் கர்னல் பெரும்பாலும் எஸ்ஓஎஃப் டிரைவரையே தேர்ந்தெடுக்கிறது. ஃபர்ம்வேர் கிடைக்காவிட்டால் ஒலி அட்டையே தோன்றாது. பழைய ஹெச்டிஏ டிரைவருக்கு மாற்றினால் ஸ்பீக்கர் பேசும், ஆனால் அந்த மைக் போய்விடும் என்பதால் நான் அவ்வழியை விரும்பவில்லை.

டெபியன் 12 இத்தகைய கோப்புகளுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. 11-இலிருந்து மேம்படுத்தியபோது அதை, மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று குறிக்கும் சோர்ஸ் பட்டியலில் சேர்க்க நான்தான் மறந்திருந்தேன். சேர்த்து, எஸ்ஓஎஃப் பொதியை நிறுவி, மறுதொடக்கம் செய்தேன். ஒலி அட்டை வந்தது, ஒலி வரவில்லை! ஒலியளவைச் சரிசெய்யும் ஆல்சாமிக்சரைத் திறந்து எஃப்6 விசையால் சரியான அட்டையைத் தேர்ந்தபோது, ஸ்பீக்கர் பட்டையின் அடியில் 'எம்எம்' என்றிருந்தது, அதாவது ஒலி அடக்கப்பட்டிருந்தது. எம் விசையை அழுத்தினேன். அது இரட்டைச் சுழியாக மாறிய நொடியில், பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த சோதனை இரைச்சல் அறையை நிறைத்தது.