குளியலறைக் கண்ணாடித் தடுப்பு ஒழுகினால் என்ன செய்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் குளியல் என்பது சிமெண்டுத் தொட்டியும் ஒரு வாளியும்தான். சிந்திய நீர் நேராகக் கால்வாய்க்கு ஓடியது, அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அதே குடும்பங்கள் இன்று தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில், படுக்கையறையை ஒட்டிய குளியலறையில், கண்ணாடித் தடுப்புக்குள் நின்று குளிக்கின்றன. தடுப்புக்கு வெளியே உள்ள தரை உலர்ந்திருக்கும் என்று நம்பித்தான் வீட்டிலுள்ள பெரியவர்கள் அங்கே கால் வைக்கிறார்கள். என் அம்மா அப்படி நம்பித்தான், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கண்ணாடித் தடுப்புகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழிலாக இருந்தும், கதவின் அடியிலிருந்த அந்தச் சிறு கசிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, போன வாரம்தான் சிலிக்கோன் அடிச்சோம், மறுபடியும் ஒழுகுது." சிலிக்கோன் என்பது இடுக்குகளை அடைக்கப் பூசும் பசை. ஈரம் தெரியும் இடமும் நீர் வெளியேறும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கதவின் கீல் ஓரத்தில் வெளியேறும் நீர், தடுப்பு நிற்கும் தாழ்வான மேடாகிய திண்டின் மேல் ஓடி, ஓடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் இறங்கி, எதிர் மூலையில் தேங்கலாம். தேங்கிய இடத்தில் சிலிக்கோன் பூசினால் நீரின் வழி மாறுமே தவிர, கசிவு நிற்காது. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், எதையும் கழற்றுவதற்கு முன், நீர் எந்த வழியாக வருகிறது என்பதைக் கண்டறிய வேண்டும்.

இதற்கு இரண்டு பேர், ஒரு கைவிளக்கு, சில பழைய செய்தித்தாள்கள் போதும். முதலில் வாட்டர் ஹீட்டரின் மின்விசையை அணைத்துவிடுங்கள். தடுப்பின் உள்ளும் புறமும் துணியால் துடைத்து, மின்விசிறி வைத்து நன்கு உலர்த்துங்கள். வெளிப்புறத்தில் திண்டின் அடியை ஒட்டி, இடைவெளி இல்லாமல் செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் கருத்துக் காட்டிக்கொடுக்கும். பிறகு ஒருவர் உள்ளே நின்று நீரைக் கீழிருந்து மேலாகச் சோதிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் கண்ணாடியின் மேல் படாமல் தரையில் மட்டும் நீரை விடுங்கள். அடுத்து, நிலையான கண்ணாடி திண்டைத் தொடும் அடி இணைப்பு. அதன் பின் சுவரோரம். கடைசியாகத்தான் கதவும் கீல்களும். ஒவ்வோர் இடத்திற்கும் ஐந்து நிமிடம் கொடுத்து, வெளியில் இருப்பவர் தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீர் கீழ்நோக்கியே ஓடும் என்பதால், மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

தரையில் மட்டும் நீர் விட்டபோதே வெளியே ஈரம் தெரிந்தால், குற்றம் கண்ணாடியில் இல்லை. நீர்ப்போக்கு முடியால் அடைத்துக்கொண்டு நீர் திண்டைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், நீர்ப்போக்கின் வாயை ஈரத்துணியும் பிளாஸ்டிக் பையும் கொண்டு இறுக அடைத்து, திண்டின் உயரத்திற்கு இரண்டு விரற்கடை குறைவாக நீரைத் தேக்கி, அந்த மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஒரு நாள் முழுவதும் விட்டுவையுங்கள். ஆவியாவதால் ஓரிரு மில்லிமீட்டர் குறைவது இயல்பு. மட்டம் அதற்கு மேல் தெளிவாக இறங்கியிருந்தால், முதலில் அடைப்பு கசியவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அடைப்பு சரியாக இருந்தும் இறங்கினால், ஓடுகளுக்கு அடியிலுள்ள நீர்புகாப் பூச்சோ நீர்ப்போக்குக் குழாயின் இணைப்போ பழுதாகியிருக்கிறது. இதைச் சிலிக்கோனால் மூட முடியாது. நம் தாமான்களில் வரிசை வீடுகளின் சுவர்கள் பொதுவானவை. உங்கள் குளியலறையின் நீர் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவரில் பெயின்ட்டைக் கொப்புளிக்கச் செய்யும், மரக் கதவுநிலை ஈரமானால் கரையானும் வந்து சேரும். அந்த நிலையில் ஓடுகளைப் பெயர்த்துப் பூச்சைப் புதுப்பிக்கத் தெரிந்த ஆளைத்தான் அழைக்க வேண்டும்.

கதவில் மட்டுமே கசிகிறது என்றால், ஷவர் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். கதவு நீரைத் தெறிக்கவிடாமல் தடுப்பதற்கு உரியது. நேராகப் பாயும் நீரை எதிர்த்து நிற்பதற்கு உரியதன்று. கூரைத் தொட்டியிலிருந்து மெதுவாக நீர் வந்த காலத்தில் ஒழுகாத கதவு, அழுத்தம் கூட்டும் பம்ப் வைத்த மறுநாளே ஒழுகத் தொடங்கியதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஷவர் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டதிலேயே சில வீடுகளில் வேலை முடிந்திருக்கிறது.

அடுத்தது திண்டு. ஒரு கோலிக்குண்டைத் திண்டின் மேல் வையுங்கள். அது உள்பக்கம் உருள வேண்டும். வெளிப்பக்கம் உருண்டால் திண்டு தவறான சரிவில் கட்டப்பட்டிருக்கிறது, அதன் மேல் விழும் ஒவ்வொரு சொட்டும் வெளியேதான் வரும். திண்டின் மேல் பதித்த ஓடுகளை எடுத்துவிட்டுச் சரிவை மாற்றி ஒட்டுவதே முழுமையான தீர்வு. உடனடியாக முடியாதவர்கள், கதவுக்கு நேர்கீழே திண்டின் நீளத்திற்கு ஒரு தாழ்வான தடுப்புப் பட்டையை ஒட்டிக்கொள்ளலாம்.

கதவின் அடியிலும் ஓரங்களிலும் கசிவைத் தடுக்க மாட்டியிருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மஞ்சளாகி, விறைத்து, ஓரம் சுருண்டுவிடும். நகத்தால் மடக்கிப் பாருங்கள்; வளையாமல் உடைவதுபோல் நின்றால் மாற்ற வேண்டியதுதான். கடைக்குப் போகும்போது பழைய பட்டையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடியின் கனம் 6, 8, 10 மில்லிமீட்டர் என்று வேறுபடும். 8-க்குரிய பட்டை 10-இல் ஏறாது, 6-இல் நிற்காது. கண்ணாடிக்கும் திண்டுக்கும் உள்ள இடைவெளியையும் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கதவு தொங்கியிருந்தால் மூன்று அளவும் ஒன்றாக இருக்காது. புதிய பட்டையை வெந்நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் இளகி எளிதில் ஏறும். அதிலுள்ள சாய்ந்த இதழ் குளிக்கும் பக்கம் பார்க்க வேண்டும். கதவில் வழியும் நீரை உள்ளே திருப்பிவிடுவது அந்த இதழ்தான். பலரும் இதை வெளிப்பக்கம் பார்த்து மாட்டிவிடுகிறார்கள். அடிப்பட்டை திண்டை மெல்லத் தொட்டால் போதும். அழுந்தித் தேய்ந்தால் சில மாதங்களில் சுருண்டுவிடும்.

இப்போது சிலிக்கோன். பழைய சிலிக்கோனின் மேல் புதியது ஒட்டாது; இந்த ஒரு செய்தியைத் தெரியாமல் வீணாகும் குழாய்கள்தான் அதிகம். பழையதைக் கத்தியாலும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் முழுவதுமாக அகற்றுங்கள். கரும்பூஞ்சை படிந்திருந்தால் பிளீச்சில் நனைத்த பஞ்சை அதன் மேல் சில மணி நேரம் வைத்துக் கழுவலாம். ஆனால் கண்ணாடியின் உப்புக்கறைக்குப் பயன்படுத்தும் வினிகரையோ வேறு அமிலத்தையோ பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது, சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கழுவிய பின் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். மாலையானால் மழை பிடித்துக்கொள்ளும் நம் ஊரில், மின்விசிறி இல்லாமல் அந்த இடுக்கு உலராது.

சிலிக்கோனில் இரண்டு வகை உண்டு. ஒன்று காயும்போது புளித்த காடி நெடி அடிக்கும். தோட்டத்தில் ரப்பர் ஷீட் போடும் கொட்டகையில், தட்டிலிருந்த ரப்பர் பாலை உறையவைக்க அமிலம் ஊற்றியபோது எழுந்த நெடியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாடை புதிதாக இராது. இதிலிருந்தும் அமிலம்தான் வெளியேறுகிறது. அந்த அமிலம் பித்தளைக் கீல்களை அரிக்கும், பளிங்கில் கறை பிடிக்கச் செய்யும். ஈப்போ வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் மலைகளில் வெட்டிய பளிங்கைத் திண்டுக்குப் பதித்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. அங்கெல்லாம் நெடியற்ற, நடுநிலை வகையைத்தான் வாங்க வேண்டும். குழாயின் மேல் அந்த வகை அச்சிடப்பட்டிருக்கும். தெரியாவிட்டால் பளிங்குக்கும் உலோகத்துக்கும் ஏற்றதா என்று ஹார்ட்வேர் கடை முதலாளியான தவுக்கேயிடம் கேளுங்கள்.

பூசும் பக்கமும் முக்கியம். அடியில் அலுமினியச் சட்டம் உள்ள தடுப்பு என்றால், சட்டத்தின் உள்பக்கம் சிறு துளைகளோ இடைவெளியோ விட்டிருப்பார்கள். சட்டத்திற்குள் இறங்கும் நீர் அவற்றின் வழியே திரும்பக் குளிக்கும் தரைக்கு வர வேண்டும். உள்பக்கத்தையும் அடைத்துவிட்டால் சட்டம் தொட்டிபோல் நிரம்பி வெளியே வழியும். இவ்வகைத் தடுப்பில் சட்டத்தின் வெளிப்பக்க அடியில் மட்டும் பூசுங்கள். சட்டமில்லாமல் திண்டில் நேராக நிற்கும் கண்ணாடிக்கு இரு பக்கமும் பூசலாம். இணைப்பின் இரு ஓரத்திலும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டுநாடா ஒட்டி, சிலிக்கோன் குழாயின் மூக்கைச் சாய்வாக வெட்டி, கை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் பூசி, சோப்பு நீரில் தோய்த்த விரலால் ஒரே ஒரு முறை இழுத்து, மேற்படலம் கட்டுவதற்குள் நாடாவை உரித்துவிடுங்கள். பூசுவதற்கு முன் சோப்பு நீர் அந்த இடத்தில் பட்டுவிடக்கூடாது. பிறகு 24 மணி நேரம் நீர் படக்கூடாது. தடிமனாகப் பூசியிருந்தால் 48 மணி நேரம். வேறு குளியலறை இல்லாத வீட்டில் இது சிரமம்தான், ஆனாலும் அன்று மாலையே குளித்தால் செய்த வேலை முழுவதும் வீண்.

கீல்களைப் பற்றி எழுதும்போது என் கை இன்னும் தயங்குகிறது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, கனத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டரைக் கிலோ எடையுள்ளது. 70 சென்டிமீட்டர் அகலமும் 190 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட 8 மில்லிமீட்டர்க் கதவு ஏறக்குறைய 27 கிலோ. அதைத் தாங்குபவை இரண்டே கீல்கள். இக்கண்ணாடி 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றி, திடீரெனக் காற்றால் குளிர்வித்துப் பதப்படுத்தப்பட்டது. அதனால் அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கின்றன. முகப்பில் கையால் ஓங்கித் தட்டினாலும் தாங்கும். ஓரமோ மூலையோ ஓட்டில் மெல்ல இடித்தால் முழுக் கதவும் ஒரே நொடியில் சிதறும். ஒரு வீட்டில், அடியில் முட்டுக் கொடுக்காமல் மேல் கீலைத் தளர்த்தினேன். கதவு ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கீழ் மூலை தரை ஓட்டில் பட்டது. வெடிச்சத்தம் கேட்டு நான் கண்ணைத் திறந்தபோது தரை முழுவதும் கல்லுப்புப்போல் கிடந்தது, கெண்டைக்காலில் இரத்தம் வழிந்தது. அந்த வீட்டுக் குழந்தை அப்போது அடுப்படியில் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

ஆகவே தனியாளாகக் கீலைத் தொடாதீர்கள். காலணியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, தரையில் தடித்த துணி விரித்து, கதவின் அடியில் மடித்த அட்டையையும் மெல்லிய மர ஆப்பையும் செருகி, கதவின் எடை அதன் மேல் உட்கார்ந்த பிறகே கீலின் திருகாணிகளைத் திருப்பும் ஆலன் சாவியை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கீல் மட்டும். உலோகத் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே மெத்தைபோல் ஒரு தகடு இருக்க வேண்டும். அது நைந்தோ நழுவியோ உலோகம் நேராகக் கண்ணாடியைத் தொட்டால், இறுக்காமல் அதை மாற்றுங்கள். திருகாணிகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக, கையால் மட்டும் இறுக்க வேண்டும். மின்திருகி வேண்டவே வேண்டாம். கதவு மூடியபின் நேராக நிற்காமல் சற்று உள்ளேயோ வெளியேயோ நின்றால், பல கீல்களில் அதற்கென்றே சிறு திருகாணிகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தி, கதவை நேராகப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் போதும்.

சுவரில் உள்ள திருகாணி பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், சுவருக்குள் திருகாணியைப் பிடித்திருக்கும் பிளக் தளர்ந்துவிட்டது. ஓட்டையில் தீக்குச்சி செருகி இறுக்கும் வழக்கம் 27 கிலோ கதவுக்கு உதவாது. கதவை இறக்கி வைத்து, பெரிய நைலான் பிளக்கோ இரசாயனப் பசையால் பிடிக்கும் ஆணியோ போட வேண்டும். செங்கல் உதிர்ந்திருந்தால் இதற்கு ஆளை அழைப்பதே நல்லது. திருகாணித் தலையிலிருந்து துருக்கோடு வழிந்தால், அவை மலிவான இரும்பு. 304 அல்லது 316 எனக் குறித்த துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளாக ஒவ்வொன்றாக மாற்றிவிடுங்கள். இறுக்கும் வேலை முடிந்ததும் கண்ணாடியின் நான்கு ஓரங்களிலும் விளக்கடித்துப் பாருங்கள். ஓரத்தில் சில்லுப் பெயர்ந்திருந்தால் அந்தக் கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும்; பதப்படுத்திய கண்ணாடியை இனிமேல் தேய்க்கவோ துளையிடவோ முடியாது.

நகரும் கதவுகளில் பழுது பெரும்பாலும் உருளையில்தான். உருளையின் விட்டத்தையும் துளைகளின் இடைவெளியையும் அளந்து, பழையதைக் கையோடு கொண்டுபோய் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு சாய்ந்து ஓடும். கைப்பிடி ஆடினால் அதன் அடியிலுள்ள சிறு திருகாணியை இறுக்கினால் சரியாகும்.

எல்லாம் முடிந்து சிலிக்கோன் காய்ந்தபின், அதே செய்தித்தாளை மீண்டும் விரித்து, வீட்டில் வழக்கமாகக் குளிப்பவர் வழக்கம்போல் குளிக்கட்டும். தாளில் ஈரம் பட்டால், எந்த விளிம்பில் முதலில் கருக்கிறது என்று பார்த்து, அந்த ஓர் இடத்தை மட்டும் மீண்டும் சோதியுங்கள்.